இறுக்கிக் கட்டிய பூ

அனகாபுத்தூரில் சிவகுமாரின் மனைவிக்குப் பால் இல்லை என்பது அந்தத் தெரு முழுவதற்கும் தெரியும். யார் சொன்னார்கள் என்று கேட்டால் யாருமே சொல்லவில்லை. மெடிக்கல் ஷாப்பில் அவன் பால் பவுடர் டின் வாங்கியதை ஒருத்தி பார்த்திருப்பாள், குப்பை வண்டியில் காலி டின் விழுந்த சத்தத்தை இன்னொருத்தி கேட்டிருப்பாள். அது போதாதா? குழந்தையைப் பார்க்க வந்த ஒவ்வொருத்தியும் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் பால் இருக்கிறதா என்றுதான் கேட்டாள். "பால் கீதா?" குழந்தை எத்தனை கிலோ, யார் ஜாடை என்பதெல்லாம் அப்புறம். ஒரு பெண்ணின் மார்பை நடுக்கூடத்தில் வைத்து விசாரிக்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? யாரும் கொடுக்க வேண்டியதில்லை, அவர்களாகவே எடுத்துக்கொள்வார்கள்.

சுபத்ரா முதலில் எல்லாருக்கும் பதில் சொன்னாள். குறைமாசக் குழந்தை, அதனால் நின்றுவிட்டது என்றாள். "அடப்பாவமே" என்று சொல்லிவிட்டு ஆளுக்கொரு வைத்தியத்தை வைத்துவிட்டுப் போனார்கள். பூண்டை நெய்யில் வதக்கித் தின்னச் சொன்னாள் ஒருத்தி. முருங்கைக்கீரை என்றாள் இன்னொருத்தி. எதிர்வீட்டு அம்மாள் மட்டும் காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு ஒடம்பு வத்திடும்னு பயம். அதான் குடுக்கறதில்ல" என்றாள். குழந்தையின் கையில் ஐம்பது ரூபாயைத் திணித்துவிட்டுத்தான் போனாள். சுபத்ராவுக்கு அந்த நோட்டைக் கிழித்துப் போட வேண்டும்போல் இருந்தது. எடுத்து அலமாரியில் வைத்தாள்.

அவள் சிட்லபாக்கத்துப் பெண். பல்லாவரத்தில் ஒரு டைல்ஸ் ஷோரூமில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள். அம்மா அவள் கல்யாணத்துக்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா சிங்கப்பெருமாள் கோவிலில் மகன் வீட்டில் ஓர் ஓரமாக இருக்கிறார். ஒரு பிள்ளைத்தாய்ச்சியை அழைத்து வைத்துப் பார்க்க அந்த வீட்டில் இடமும் இல்லை, மனசும் இல்லை. அதனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம் இவளுக்கு வாய்க்கவில்லை. வளைகாப்பு முடிந்ததும் வளையல் குலுங்கக் குலுங்க மாமியார் வீட்டுக்கே திரும்பி வந்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, சிவகுமார் நல்ல மனுஷன். பம்மலில் ஹார்டுவேர் கடை. குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது. கடையை மூடிவிட்டு வரும்போது வாழையிலையில் சுற்றிய மல்லிகைப்பூ இல்லாமல் வந்ததில்லை. மாமியார் செல்லியம்மாளும் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் சுபத்ராவுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். வாய்க்கு வந்ததைத் திட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருப்பாள்.

ஏழாம் மாதம் முடிகிற சமயத்தில் அவளுக்கு பி.பி. ஏறிவிட்டது. அவசர அவசரமாக ஆபரேஷன். குழந்தை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். சுபத்ரா மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்றித் தாம்பரம் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சிவகுமார் போனில் ஒரு போட்டோ காட்டினான். கண்ணாடிப் பெட்டிக்குள் டியூபும் டேப்பும் ஒயருமாக ஏதோ ஒன்று. மூக்கு மட்டும் அவளுடைய மூக்கு. ஐந்தாம் நாள் அவளை டிஸ்சார்ஜ் செய்தார்கள். பச்சை உடம்பு, தையல் ஆறவில்லை, கார் பயணம் ஆகாது என்று செல்லியம்மாள் அவளை நேராக வீட்டுக்குக் கூட்டிவந்து அறையில் படுக்க வைத்தாள். சிவகுமார் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தான். தினமும் போட்டோ காட்டினான். எல்லாம் அந்த முதல் நாள் போட்டோதான் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

குடிக்கப் பிள்ளை பக்கத்தில் இல்லை என்பது பாலுக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு வந்தது. மார்பு இரண்டும் கல்லாக இறுகி, காய்ச்சல் கண்டு, தொட்டால் உயிர் போனது. ஜாக்கெட் நனைந்து, துண்டு நனைந்து, படுக்கை நனைந்தது. குளியலறைக்குப் போய்ச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு பிதுக்கி விடுவாள். தண்ணீரோடு சேர்ந்து வெள்ளையாகச் சாக்கடைக்குப் போகும். "பாப்பாவுக்கு எடுத்துட்டுப் போகலாமாங்க?" என்று சிவகுமாரிடம் கேட்டாள். ஒரு தடவை இல்லை, பல தடவை கேட்டாள். "டிரிப்ஸ்லதான் கீறா சுபா. வாய் வழியா ஒண்ணும் குடுக்க மாட்டாங்களாம்" என்றான். சரி, டாக்டருக்குத் தெரியாததா என்று இவளும் விட்டுவிட்டாள்.

அன்று வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சிவகுமார் உள்ளே வரவில்லை. கேட் பக்கம் நின்று அம்மாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது, காதில் விழவில்லை. மறுபடியும் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வரும்போது கையில் பூப்பொட்டலம், வழக்கத்தைவிட நாலு மடங்கு பெரிதாக.

"இவ்ளோ பூ எதுக்குங்க? தலையில வெச்சுக்கற நிலைமையிலயா இருக்கேன்?"

"அம்மாகிட்ட குடு" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். வெகுநேரம் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

செல்லியம்மாள் கதவைச் சாத்தினாள். பழைய நூல் புடவை ஒன்றை நீளவாக்கில் கிழித்து வைத்திருந்தாள். "ஜாக்கெட்ட அவுரு கண்ணு. மல்லிப்பூ குளுமை. வெச்சிக் கட்னா வலி அப்டியே அடங்கிடும்." பூச்சரத்தை இரண்டு மார்பிலும் சுற்றிச் சுற்றி வைத்து, மேலே துணியைப் போட்டு, முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டாள். நெருப்பாகக் கிடந்த இடத்தில் பூ சில்லென்று பட்டதும் சுபத்ராவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அம்மா இருந்திருந்தால் இப்படித்தான் பக்கத்தில் உட்கார்ந்து செய்திருப்பாள் என்று நினைத்தாள்.

"நல்லா இருக்கு அத்தை. இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்க."

செல்லியம்மாள் இறுக்கிக் கட்டினாள். கட்டும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். ஜலதோஷம் என்று சுபத்ரா நினைத்தாள்.

மறுநாள் பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுப்பூ வைத்தார்கள். அதற்கு அடுத்த நாளும். கல் கரைந்தது, காய்ச்சல் விட்டது, ஜாக்கெட் காய்ந்தது. ஆபரேஷன் ஆனதிலிருந்து முதல் தடவையாகச் சுபத்ரா ஒருக்களித்துப் படுத்து நன்றாகத் தூங்கினாள்.

குழந்தை மட்டும், இவர்கள் யாரையும் கேட்காமல், பிழைத்துக்கொண்டது.

மாதம் ஒன்றரை கழித்து ஓவியா வீட்டுக்கு வந்தாள். அதுவரை, நாற்பது நாள் ஆகாமல் வாசல் தாண்டக் கூடாது என்று சுபத்ராவை ஆஸ்பத்திரிப் பக்கம் விடவில்லை. ஓவியா என்று பெயர் வைத்தது சுபத்ராதான். பாட்டிலும் பவுடர் டின்னும் கூடவே வந்தன. மடியில் போட்டு மார்பில் வைத்தால் குழந்தை இரண்டு இழுப்பு இழுத்துப் பார்க்கும், ஒன்றும் வராது, முகம் சிவந்து கத்தும். அந்தக் கத்தலைக் கேட்ட பிறகுதான் அவளுக்குப் பைத்தியம் பிடித்தது. பெற்றதைப் பெட்டிக்குள் கொடுத்துவிட்டு ஒன்றரை மாதம் தூங்கியவள் நான், இதையாவது கொடுக்க வேண்டாமா என்று மனசு அரித்தது. வேறொன்றும் வேண்டியதில்லை. பால் திரும்ப வர வேண்டும். சாமி படத்துக்கு முன்னால் நின்றாலும் அது ஒன்றைத்தான் கேட்டாள்.

குழந்தையை எடை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அங்கே இருந்த நர்ஸ் ஜெரூஷாவிடம் கேட்டுவிட்டாள். தாய்மார்களுக்குப் பால் கொடுக்கச் சொல்லித்தருவது ஜெரூஷாவின் வேலை. சிவகுமார் கீழே மருந்துக் கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

"நின்னுபோன பால் திரும்ப வருமா சிஸ்டர்?"

"வரும்மா. குழந்தை சப்பச் சப்ப வரும். ஆனா பொறுமை வேணும், நிறைய பேர் பாதியில விட்டுடுவாங்க." ஜெரூஷா ஒரு மெல்லிய டியூபை எடுத்துக் காட்டினாள். அதன் ஒரு முனையைப் பால் பவுடர் கலந்த பாட்டிலுக்குள் விட வேண்டும், இன்னொரு முனையைக் காம்போடு ஒட்டி டேப் போட வேண்டும். குழந்தை மார்பில் சப்பும்போது பாட்டில் பால் டியூப் வழியாக வாய்க்குப் போகும். சப்பினால் பால் வருகிறது என்று குழந்தைக்கு நம்பிக்கை வரும், குழந்தை சப்புகிறது என்று உடம்புக்கும் தெரியும். "பகல்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வைங்க. இடையில கையால பிதுக்கி விடுங்க. ஆமா, ஆரம்பத்துல பால் இருந்துச்சா?"

"இருந்துச்சாவா? கட்டிக்கிட்டுக் காய்ச்சலே வந்துருச்சு சிஸ்டர். கீழ கொட்டினேன்."

ஜெரூஷா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "நாங்க மூணாம் நாள்லேர்ந்து கேட்டுக்கிட்டே இருந்தோமேம்மா. ஒரு சொட்டு இருந்தாலும் கொண்டு வாங்க, வாயில தடவறதுக்காவது ஆகும்னு. உங்க ஹஸ்பண்டுதான் சுத்தமா வரலன்னு சொன்னாரு."

சுபத்ரா மடியிலிருந்த குழந்தையைக் குனிந்து பார்த்தாள்.

"அப்புறம் எப்படி நின்னுச்சு? மாத்திரை ஏதாவது குடுத்தாங்களா?"

"இல்ல. மல்லிப்பூ வெச்சுக் கட்டினாங்க அத்தை. வலிக்கு."

"வலிக்குன்னா சொன்னாங்க?" ஜெரூஷா குழந்தையின் குல்லாயை இழுத்துவிட்டாள். வேண்டாம் என்று நினைத்து, பிறகு சொன்னாள். "அது பாலை வத்த வெக்கறதுக்குக் கட்டறதும்மா. குழந்தை தவறிப்போனா, தாய்க்குக் கட்டுவாங்க."

சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். போனது போகட்டும், இனிமேல் ஆகிறதைப் பார்ப்போம், மனசை அலட்டிக்கொள்ளக் கூடாது, அலட்டினால் பால் இறங்காது என்றெல்லாம் அடுக்கிக்கொண்டே போனாள். சுபத்ரா தலையை ஆட்டினாள். காதுக்குள் ஒரே ஒரு வாக்கியம்தான் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்க. சொன்னது யார்? இவள்தானே.

திரும்பும்போது ஆட்டோவில் சிவகுமார், "இன்னா சொன்னாங்க?" என்று கேட்டான்.

"முயற்சி பண்ணா வருமாம்."

"வரும், வரும்" என்றான் அவன். உண்மையாகவே சந்தோஷப்பட்டான். அதுதான் சுபத்ராவுக்குத் தாங்கவில்லை. அங்கேயே கேட்டிருக்கலாம். கேட்டால் அழுகை வரும், சண்டை வரும், அப்புறம் பால் வராது. முதலில் பால், மற்றதெல்லாம் பிறகு என்று வாயை மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று. டேப்பை ஒட்டுவது, டியூபை வெந்நீரில் அலசுவது, பாட்டிலை உயரமாகப் பிடித்துக்கொள்வது. உயர்த்தினால் பால் வேகமாக இறங்கும், தாழ்த்தினால் குழந்தை உழைத்துச் சப்ப வேண்டும். பாட்டிலைப் பிடிக்க மூன்றாவது கை ஒன்று வேண்டுமே. செல்லியம்மாள் வந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "நீ புள்ளையப் பாரு, இத்த நான் பாத்துக்கறேன்" என்றாள். பாட்டிலில் போட்டிருந்த கோட்டைப் பார்த்துப் பார்த்து, "குடிக்கிறா, குடிக்கிறா, இத்தோ எறங்கிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

சுபத்ரா அவள் கைகளையே பார்ப்பாள். முடிச்சுப் போட்ட கை.

செல்லியம்மாள் விடிந்ததும் விடியாததுமாக மார்க்கெட்டுக்குப் போய்ப் பால் சுறா வாங்கிவந்தாள். வேகவைத்து, தோலை உரித்து, பூண்டும் மிளகும் அள்ளிப் போட்டுப் புட்டு செய்தாள். சுபத்ராவுக்கு அந்த வாடையே ஆகாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மறுபடியும் வைத்தாள். ஓவியா டியூபைத் துப்பினாள், தலையைத் திருப்பிக்கொண்டாள், கத்தினாள், பிறகு பழகினாள். கையால் பிதுக்கினால் முதல் வாரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் காம்பு நுனியில் வியர்வை மாதிரி ஒரு பளபளப்பு. அதை விரலில் எடுத்து நக்கிப் பார்த்தாள். உப்புக் கரித்தது. எதிர்வீட்டு அம்மாள் வந்து, "சுறா வேல செய்தா?" என்று கேட்டபோது, "பாக்கணும்" என்று செல்லியம்மாளே பதில் சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஒரு மத்தியானம். சிவகுமார் கடையில் இருந்தான். குழந்தை சப்பிக்கொண்டிருந்தது, செல்லியம்மாள் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சுபத்ரா கேட்டுவிட்டாள்.

"எதுக்கு அத்தை பூ கட்டினீங்க?"

"எந்தப் பூவு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

செல்லியம்மாள் பிடித்திருந்த பாட்டில் தாழ்ந்து, பால் நின்று, ஓவியா சிணுங்கினாள். மறுபடியும் உயர்த்திப் பிடித்தாள். பொய் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

"டாக்டரு கைய விரிச்சிட்டாருன்னு இவன் வந்து கேட்டாண்ட நின்னு அழுதான். காலைல வரிக்கும் தாங்காதுன்னுட்டாராம். எனக்கு ஒண்ணும் ஓடல. உன் மாரு மட்டுந்தான் கண்ணு முன்னால வந்துச்சி." பாட்டிலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எனக்கு மொதல்ல ஒண்ணு பொறந்துச்சி. ஆம்பளப் புள்ள. சிவாவுக்கு முன்னாடி. எட்டாம் நாளு போயிடுச்சி. தூக்கினு போயிட்டாங்க. எனக்கு இங்க ஊறினே கீது. பொடவ நனைய நனைய ஒக்காந்துனு கீறேன், தெருவுல எந்தப் புள்ள அழுதாலும் பீறிக்கினு வருது. அப்பாலதான் என் மாமியா பூவு கட்டுனாங்க. அந்தப் பேஜாரு உனக்கு வாணாம்னு…"

"உங்களுக்குப் புள்ள போனப்புறம் கட்டினாங்க."

"ஆமா."

"எனக்கு?"

செல்லியம்மாள் கன்னத்தில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டாள். இரண்டு கையும் பாட்டிலில் இருந்தது.

"என் புள்ள அங்க உயிரோட இருந்தா அத்தை. உசுரோட இருந்த புள்ளையோட பாலை நிறுத்திட்டீங்க."

"தப்புதான். முந்திகினேன்" என்றாள் செல்லியம்மாள்.

முந்திக்கொண்டாளாம். நல்லது செய்வதற்கு அவ்வளவு அவசரம். சுபத்ராவுக்கு அவளை அடிக்கவும் தோன்றியது, அந்த எட்டு நாள் பிள்ளைக்காக அவள் தலையைத் தடவவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. கையை நீட்டிப் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். "இனிமே நானே பிடிச்சுக்கறேன்" என்றாள்.

அன்று சிவகுமார் வந்ததும், "கடையிலேர்ந்து ஒரு கொக்கி கொண்டாங்க, பாட்டில ஜன்னல் கம்பியில மாட்டணும்" என்றாள்.

"அம்மாதான் புடிச்சிக்கிறாங்களே?"

"வேணாம்."

மறுநாள் கொக்கியும் பைண்டிங் கம்பியும் கொண்டுவந்தான். பாட்டில் கழுத்தில் கம்பியைச் சுற்றி வளையம் போட்டு, குறட்டால் முறுக்கி, கொக்கியில் மாட்டி, உயரம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தான். கை வேலையில் அவன் கெட்டிக்காரன். அவன் முறுக்கி முடிக்கிறவரை சுபத்ரா காத்திருந்தாள்.

"ஆஸ்பத்திரியில மூணாம் நாள்லேர்ந்து பால் கேட்டாங்களாமே?"

குறடு அப்படியே நின்றது.

"நான் கேட்டப்ப, வாய் வழியா குடுக்க மாட்டாங்கன்னு சொன்னீங்க. அங்க போய், அவளுக்கு வரலன்னு சொன்னீங்க."

"சுபா…"

"இங்க ஜாக்கெட் நனைஞ்சு நான் படுத்திருந்தேன். நீங்க பாத்தீங்க."

சிவகுமார் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். "உன்கிட்ட வந்து பால் கேட்டா, நீ சந்தோஷமா எடுத்துக் குடுப்ப. குடிச்சாளா, எவ்ளோ குடிச்சான்னு கேப்ப. நான் இன்னா சொல்றது? அங்க அவ மூச்சு வுடவே மிஷின் வெச்சிருக்காங்க. தெனமும் கண்ணாடிக்கு வெளிய நின்னுகினு, இன்னிக்கி கீதா போயிடுச்சான்னு பாத்துகினு கீறேன். பாட்டில எடுத்துகினு போயி, அது வேணாம் சார்னு அவங்க சொல்லிட்டா? அந்தப் பாட்டில நான் எங்க கொண்டுபோயி ஊத்துறது?"

"வேணும்னுதானே கேட்டாங்க."

"பயந்துட்டேன் சுபா."

"ஒரு சொட்டு வாயில தடவியிருப்பாங்க. அவளுக்கு என் ருசியாவது தெரிஞ்சிருக்கும்."

அவன் அழுதான். தோள் குலுங்கக் குலுங்க அழுதான். அழுதால் ஆயிற்றா? அம்மா ஒரு பக்கம் அழுகிறாள், மகன் ஒரு பக்கம் அழுகிறான், இருவருக்கும் மனசு லேசாகிவிடும். இவர்கள் அழுகையை ஏந்திக்கொள்வதற்கும் பால் வற்றியவள்தான் வேண்டியிருந்தது. நீ தாங்க மாட்டாய் என்று நினைத்து மறைத்தேன் என்றான். தாங்க மாட்டாள் என்று யார் சொன்னது? வயிற்றைக் கிழித்து எடுத்ததைத் தாங்கினாள். தெருவே வந்து பால் கீதா என்று கேட்டதைத் தாங்கினாள். தாங்காதவன் இவன். தன் பயத்துக்கு அவள் பெயரை வைத்துவிட்டான். சுபத்ரா ஒரு வார்த்தைகூடத் தேற்றவில்லை. ஓவியாவைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், காய்ந்திருந்த துணிகளை எடுத்து வந்தாள்.

அதற்குப் பிறகும் வீடு நடந்தது. செல்லியம்மாள் பூண்டு உரித்தாள், சுறா வாங்கினாள். அறைக்குள் மட்டும் வருவதில்லை. நிலைப்படியில் தட்டை வைத்துவிட்டுப் போவாள். சிவகுமார் பூ வாங்குவதை நிறுத்திவிட்டான். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தால் கதவோரம் நின்று, "ஏதாவது வந்துச்சா?" என்று கேட்பான். அவள் இல்லை என்று தலையாட்டுவாள். அப்போதெல்லாம் அது நிஜம்தான்.

அந்த வாரம் வெயில் கொளுத்தியது. ஒரு நாள் பதினோரு மணி வாக்கில் சுபத்ரா பாட்டிலில் அறுபது கோடு வரை பால் கலந்து கொக்கியில் மாட்டிவிட்டு, ஓவியாவை மடியில் போட்டுக்கொண்டாள். குழந்தை சப்ப ஆரம்பித்தது. மின்விசிறியைப் பார்த்தபடி எதையோ யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு, களுக் களுக்கென்று விழுங்கும் சத்தம் நெடுநேரமாகக் கேட்டுக்கொண்டிருப்பது திடீரென்று உறைத்தது. திரும்பிப் பாட்டிலைப் பார்த்தாள். பால் அறுபதிலேயே நின்றது.

டியூப் அடைத்துக்கொண்டதோ என்று பார்த்தாள். நடுவில் எங்கேயோ மடங்கிக் கிடந்தது. அப்படியானால் குழந்தை எதை விழுங்குகிறது? டேப்பைப் பிரித்து, டியூபை வாயிலிருந்து மெதுவாக உருவினாள். ஓவியா நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கை விரல்களை மார்பில் பரப்பி வைத்துக்கொண்டு, இழுத்து இழுத்துக் குடித்தாள். கடைவாயில் வெள்ளையாகக் கொஞ்சம் வழிந்தது. இன்னொரு பக்கம் ஜாக்கெட்டில் வட்டமாக ஓர் ஈரம் படர்ந்துகொண்டிருந்தது.

சுபத்ரா அழுதாள், சிரித்தாள், எது எதென்று அவளுக்கே தெரியவில்லை. "வந்துடுச்சு பாப்பா, வந்துடுச்சு" என்று குழந்தையின் காதில் சொன்னாள். சமையலறையில் செல்லியம்மாள் சின்ன உலக்கையால் பூண்டு நசுக்கும் சத்தம் கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் போதும், உலக்கையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பாள். வந்து திருஷ்டி கழித்திருப்பாள், சிவகுமாருக்குப் போன் போட்டிருப்பாள், எதிர்வீட்டுக்குச் சொல்லியிருப்பாள். செய்த பாவம் தீர்ந்தது என்று அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். சுறாப் புட்டு கொண்டுவந்த பாலாகத் தெரு முழுக்கப் பேர் ஆகியிருக்கும்.

குரல் வாய்வரை வந்தது. சுபத்ரா அதை விழுங்கினாள்.

குழந்தை குடித்து முடித்துத் தூங்கியதும் எழுந்து போய், பாட்டிலில் இருந்த அறுபதையும் குளியலறையில் கொட்டித் தண்ணீர் விட்டாள். ஜாக்கெட்டை மாற்றிக்கொண்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். காலி பாட்டில் கொக்கியில் தொங்கியது.

இரண்டு மணிக்குச் சிவகுமார் வந்தான். கை கால் கழுவிக்கொண்டு, கதவோரம் வந்து நின்றான். முதலில் பாட்டிலைப் பார்த்தான், பிறகு தூங்குகிற குழந்தையைப் பார்த்தான். அவனுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, சாப்பாட்டுத் தட்டோடு செல்லியம்மாளும் நின்றாள். இரண்டு பேருக்கும் கேட்கிற முகம்.

"ஏதாவது வந்துச்சா சுபா?"

அவள் அவன் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"வரல" என்றாள். "ஒரு சொட்டுகூட வரல."

சிவகுமார் தலையைக் குனிந்துகொண்டான். செல்லியம்மாள் தட்டை நிலைப்படியில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

"சரி வுடு. சாயங்காலம் இன்னொரு டின்னு வாங்கினு வரேன்."

"வாங்கிட்டு வாங்க" என்றாள் சுபத்ரா. சொல்லும்போதே இரண்டு பக்கமும் பால் சுரந்து இறங்குவது தெரிந்தது. துண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் போர்த்திக்கொண்டாள்.